ஜேம்ஸ் ஆற்றங்கரையில் நான்கு நாட்கள்

முதல் நாள்: படகில்

மகள் அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்து ரிச்மண்டுக்குக் குடிவந்து இரண்டு வருடம் ஆகிறது. "இந்தத் தடவை முதலில் ஜேம்ஸ்டவுன், மற்றதெல்லாம் அப்புறம்" என்று சென்னையில் விமானம் ஏறும் முன்பே சொல்லிவிட்டேன். அமெரிக்காவில் ஆங்கிலேயர்கள் நிலைத்துத் தங்கிய முதல் குடியேற்றம் அது. நயாகரா போகலாம், நியூயார்க் போகலாம் என்று அவள் பட்டியல் வைத்திருந்தாள். பாவம், ஒத்திவைத்துவிட்டாள்.

முப்பது வருடம் பள்ளியில் வரலாறு நடத்தியவள் நான். 1600இல் லண்டன் வணிகர்கள் கூடிக் கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கிய கதையை எத்தனை வகுப்புகளில் சொல்லியிருப்பேனோ, கணக்கே இல்லை. அந்தக் கம்பெனியின் முதல் கவர்னர் சர் தாமஸ் ஸ்மித். அவரேதான் 1609 முதல் பத்து வருடம் வர்ஜீனியா கம்பெனிக்கும் பொருளாளராக இருந்து, அமெரிக்காவுக்குக் கப்பல் கப்பலாக ஆள் அனுப்பினார் என்பது எனக்கு ஓய்வு பெற்ற பிறகுதான் தெரிந்தது. நம் கரைக்கு வந்த கம்பெனியும் இந்தக் கரைக்கு வந்த கம்பெனியும் ஒரே ஊர்ப் பணத்தில், ஓரளவு ஒரே ஆட்களால் நடந்தவை. அதைப் படித்த நாளிலிருந்தே இங்கே வந்து நிற்க வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

ரிச்மண்டிலிருந்து நேராகப் போனால் ஒரு மணி நேரம். மாப்பிள்ளை அந்த வழியை விட்டுவிட்டு ஆற்றின் தென்கரையில் காரை ஓட்டினார். "அத்தை, அவங்க தண்ணி வழியா வந்தாங்க. நீங்களும் தண்ணி வழியாவே போங்க" என்றார். ஸ்காட்லாந்து என்ற சின்னப் படகுத்துறை. காரோடு ஏறிக்கொள்ளலாம், கட்டணம் கிடையாது. மறுகரை போய்ச் சேரக் கால் மணிக்குச் சற்றுக் கூடுதலாக ஆனது.

ஆறு என்று சொல்கிறார்கள், எனக்கு அது காயல் மாதிரி இருந்தது. அவ்வளவு அகலம். தேநீர் நிறத்தில் கலங்கிய தண்ணீர். கடல் ஏற்றம் இங்கே வரைக்கும் வருகிறது, அதனால் கோடையில் தண்ணீர் உப்புக் கரிக்கும். 1607 மே 14 அன்று 104 ஆண்களும் சிறுவர்களும் வந்து இறங்கியது இப்படிப்பட்ட கரையில்தான். கரையோரமே ஆழம் இருந்ததால் கப்பலை மரத்தில் கட்டலாம், ஸ்பெயின்காரர்கள் வந்தால் தூரத்திலேயே பார்த்துவிடலாம். இந்த இரண்டு வசதிக்காகவும் இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். குடிதண்ணீரை யோசிக்கவில்லை. வந்த வருடமே கோடையில் இந்த ஆற்றுத் தண்ணீரைக் குடித்து, வயிற்றுக் கடுப்பிலும் காய்ச்சலிலும் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். அடுத்த ஜனவரியில் மிஞ்சியவர்கள் 38 பேர்.

படகு மறுகரையை நெருங்கும்போது மூன்று பாய்மரக் கப்பல்கள் தெரிந்தன: சூசன் கான்ஸ்டன்ட், காட்ஸ்பீட், டிஸ்கவரி. பழைய கப்பல்களைப் பார்த்துப் புதிதாகச் செய்தவை. 1606 டிசம்பர் 20 அன்று லண்டனை விட்டுக் கிளம்பிய மூலக் கப்பல்களில் மாலுமிகளையும் சேர்த்து 144 பேர் இருந்தார்கள். காற்று ஒத்துழைக்காமல் இங்கிலாந்துக் கரையோரத்திலேயே வாரக்கணக்கில் கிடந்திருக்கிறார்கள். மொத்தம் நாலரை மாதம். டிஸ்கவரிக்குள் இறங்கிப் பார்த்தேன். 21 பேர் வந்த கப்பல், ஆனால் எங்கள் பழைய வீட்டுக் கூடத்தைவிடப் பெரிதாக இல்லை. கீழ்த்தளத்தில் குனிந்தே நிற்க வேண்டியிருந்தது.

வருகிறவர்களுக்கு ஒரு தகவல். கப்பல்கள் நிற்கும் இடத்தின் பெயர் 'ஜேம்ஸ்டவுன் செட்டில்மென்ட்'. அது மாநில அரசின் அருங்காட்சியகம், அங்கே இருப்பதெல்லாம் மாதிரிகள். உண்மையான தீவும் கோட்டை இருந்த மண்ணும் பக்கத்தில் 'ஹிஸ்டாரிக் ஜேம்ஸ்டவுன்' என்ற பெயரில் தனியாக இருக்கின்றன. ஒன்றைப் பார்த்துவிட்டு இரண்டையும் பார்த்ததாக நினைத்துத் திரும்புகிறவர்கள் நிறைய. நாளைக்குத் தீவு.

இரண்டாம் நாள்: மண்ணில் இருந்த கறை

காலையிலேயே புழுக்கம். புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு கிளம்பினோம். சதுப்பின் மேல் போட்ட மரப்பாலம் வழியாகத்தான் தீவுக்குள் நடக்க வேண்டும். கொசுவும் தவளைச் சத்தமுமாக இருந்த அந்தப் பாலத்தைத் தாண்டியதும் சட்டென்று வெட்டவெளி, புல்தரை, செங்கல்லில் ஒரு தேவாலயக் கோபுரம், அதற்கப்பால் ஆறு.

பதினேழாம் நூற்றாண்டிலிருந்து தரைக்கு மேல் நிற்பது அந்தக் கோபுரம் ஒன்றுதான். கோட்டையை ஆறு அரித்துக்கொண்டு போய்விட்டது என்றுதான் வெகுகாலம் நம்பினார்கள். 1994இல் வில்லியம் கெல்சோ என்ற தொல்லியலாளர் நம்பாமல் மண்வெட்டியோடு இறங்கினார். இரண்டே வருடத்தில் கோட்டைச் சுவரின் தடம் அகப்பட்டது. ஒரு மூலை மட்டும்தான் ஆற்றோடு போயிருக்கிறது. மீதி முழுக்கக் காலடியிலேயே கிடந்திருக்கிறது.

தடம் என்றால் என்ன என்று எனக்கு இங்கே வந்துதான் புரிந்தது. முக்கோணக் கோட்டை. ஆற்றைப் பார்த்த பக்கம் 420 அடி, மற்ற இரண்டு பக்கமும் 300 அடி. கல்லோ செங்கல்லோ கிடையாது. மரங்களை வெட்டிப் பள்ளம் தோண்டி நெருக்கமாக நட்டு, 1607 ஜூன் 15இல் முடித்துவிட்டார்கள். அந்த மரம் மக்கிப் போய் நானூறு வருடம் ஆகிறது. ஆனால் மக்கிய இடத்தில் மண் கறுத்துவிடுகிறது. மஞ்சள் களிமண்ணை ஒரு கரண்டியால் மெல்லச் சீவிக்கொண்டே போனால், வட்ட வட்டமாகக் கறுப்புப் பொட்டுகள் வரிசையாகத் தெரியும். ஒவ்வொரு பொட்டும் ஒரு கம்பம் நின்ற இடம். தோண்டிக்கொண்டிருந்த இளைஞர் குழிக்குள்ளிருந்தபடியே எங்களுக்குக் காட்டினார். தண்ணீர் தெளித்ததும் கறை இன்னும் பளிச்சென்று தெரிந்தது. பேத்தி மண்டியிட்டு எண்ண ஆரம்பித்துவிட்டாள்.

கோட்டைக்குள் சுவரோரமாகச் சிலுவைகள் நட்டிருக்கிறார்கள். முதல் வருடத்தில் செத்தவர்களை வெளியே புதைத்தால் எண்ணிக்கை குறைவது இந்த மண்ணின் மக்களுக்குத் தெரிந்துவிடும் என்று, கோட்டைக்கு உள்ளேயே புதைத்தார்கள். அதில் ஒன்று ஒரு பையனுடைய குழி. வயது பதினைந்துக்குள். காலருகே அம்பு முனை கிடந்தது. வந்திறங்கி இரண்டு வாரத்துக்குள் நடந்த தாக்குதலில் ஒரு சிறுவன் இறந்ததாக எழுதி வைத்திருக்கிறார்கள், பெயரை எழுதவில்லை.

அந்தத் தாக்குதலுக்குக் காரணம் இருந்தது. இது பஸ்பஹே மக்களின் வேட்டை நிலம். கடற்கரைச் சமவெளி முழுவதற்கும் அவர்கள் செனக்கொமக்கா என்று பெயர் வைத்திருந்தார்கள். முப்பதுக்கும் மேற்பட்ட குலங்கள், ஏறக்குறைய 15,000 பேர், எல்லோருக்கும் ஒரு பெருந்தலைவர். ஆங்கிலேயர்கள் அவரைப் பவ்ஹாட்டன் என்று எழுதினார்கள். அது அவர் பிறந்த ஊரின் பெயர். அவருடைய சொந்தப் பெயர் வாஹன்செனக்கா. ஆங்கிலேயர்கள் ஆற்றுக்கும் தங்கள் ராஜா ஜேம்ஸின் பெயரை வைத்தார்கள், ஊருக்கும் வைத்தார்கள். முதல் குளிர்காலத்தில் இதே மக்கள் கொண்டு வந்து கொடுத்த மக்காச்சோளத்தால்தான் அந்த 38 பேரும் பிழைத்தார்கள்.

இனி எழுதப் போவது மனதுக்குக் கஷ்டமான விஷயம்.

1606 முதல் 1612 வரை இங்கே கடும் வறட்சி. பழைய சைப்ரஸ் மரங்களின் வளையங்களை எண்ணி, 770 வருடங்களில் இவ்வளவு வறண்ட ஏழு வருடம் வந்ததில்லை என்று 1998இல் கண்டுபிடித்தார்கள். சோளம் அந்த மக்களுக்கே போதவில்லை. கம்பெனியோ மேலும் மேலும் ஆட்களை அனுப்பிக்கொண்டே இருந்தது, வந்தவர்கள் சோளத்தைக் கேட்டுக் கேட்டு, கொடுக்காத இடத்தில் பிடுங்கத் தொடங்கினார்கள். 1609 கடைசியில் வாஹன்செனக்கா கோட்டையை முற்றுகையிட்டார். வெளியே போனால் அம்பு, உள்ளே இருந்தால் பட்டினி. குதிரை, நாய், பூனை, எலி, பாம்பு, கடைசியில் காலணித் தோல். ஏறக்குறைய 300 பேரில் வசந்தம் வரும்போது 60 பேர்தான் உயிரோடு இருந்தார்கள்.

2012இல் ஒரு நிலவறைக் குப்பையில், வெட்டுப்பட்ட குதிரை, நாய் எலும்புகளுக்கு நடுவே, மனித மண்டையோடும் ஒரு கால் எலும்பும் கிடைத்தன. பதினாலு வயதுப் பெண். நெற்றியில் ஆழமில்லாத நான்கு வெட்டுகள், பின்மண்டையில் பலமான வெட்டுகள், தாடையில் கத்தியால் கீறிய கோடுகள். இறந்த பிறகு யாரோ உண்பதற்காக வெட்டியிருக்கிறார்கள் என்று ஸ்மித்சோனியன் நிபுணர்கள் ஆராய்ந்து சொன்னார்கள்.

அந்த மண்டையோடு இங்கே அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் இருக்கிறது. பக்கத்தில் அவள் முகம் எப்படி இருந்திருக்கும் என்று செய்து வைத்திருக்கிறார்கள். நான் பார்த்துக்கொண்டு நின்றது அந்த நெற்றியை. நான்கு வெட்டும் தயங்கித் தயங்கிப் பட்டவை. வெட்டியவருக்குக் கை வரவில்லை. பசி ஒரு மனுஷரை எங்கே கொண்டு போய் நிறுத்தியது என்பதை அந்த நான்கு கோடு சொல்கிறது. நான் யாரையும் குற்றம் சொல்லத் தயாராக இல்லை, லண்டன் ஃபில்பாட் லேனில் ஸ்மித் வீட்டில் உட்கார்ந்து ஆள் அனுப்பிய கம்பெனிக்காரர்களைத் தவிர.

பேத்தியை மகள் வெளியே கூட்டிக்கொண்டு போயிருந்தாள். இருந்தாலும் முகத்தைத் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறாள். "பாட்டி, அந்த அக்கா பேரு என்ன?"

"ஜேன்" என்றேன்.

"அவங்க அம்மா வெச்ச பேரா?"

இல்லை. ஆராய்ச்சி செய்தவர்கள் வைத்த பெயர். எலும்பு கிடைத்த பிறகு, கூப்பிட ஏதாவது வேண்டுமே என்று வைத்தது. அவளுக்கு இதைச் சொன்னபோது ஒன்றும் சொல்லாமல் தலையாட்டினாள். எனக்குத்தான் ராத்திரி தூக்கம் வரவில்லை.

மூன்றாம் நாள்: எழுதி வைத்த பெயர்கள்

காலையில் போனதும் வாஹன்செனக்காவின் மகள் பொக்காஹொண்டாஸின் சிலை. வெண்கலச் சிலை, பச்சை படிந்திருக்கிறது, விரிந்த இரண்டு கைகள் மட்டும் பொன் போலப் பளபளக்கின்றன. வருகிறவர்கள் எல்லாம் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு படம் எடுக்கிறார்கள். எங்களுக்கு முன்னால் ஒரு குடும்பம் நின்றது. குழந்தைகளைக் கையில் தொங்கவிடாத குறை.

நேற்றுக் கேட்ட கேள்வி மனசிலேயே ஓடிக்கொண்டிருந்தது. இந்தப் பெண்ணுக்குப் பிறந்தபோது இட்ட பெயர் அமொனூட். வீட்டாருக்குள் வழங்கிய இன்னொரு பெயர் மட்டோக்கா. பொக்காஹொண்டாஸ் என்பது விளையாட்டுக்காரப் பிள்ளை என்பது போன்ற செல்லப் பெயர். ஆங்கிலேயர்கள் வரும்போது அவளுக்குப் பத்து, பதினோரு வயது. 1613இல் அவளைப் பிடித்துக் கப்பலில் ஏற்றிப் பணயமாக வைத்துக்கொண்டார்கள். ஞானஸ்நானம் கொடுத்து ரெபெக்கா ஆக்கினார்கள். 1614 ஏப்ரலில் ஜான் ரால்ஃபுடன் கல்யாணம். இந்த மண்ணில் முதன்முதலாகப் புகையிலையை விற்பனைக்கு விளைத்தவர் அவர். கம்பெனி 1616இல் அவளை லண்டனுக்குக் கூட்டிப் போய்ப் பங்குதாரர்களிடமும் அரசவையிலும் காட்டியது. திரும்பக் கப்பல் ஏறியவள் இங்கிலாந்திலேயே கிரேவ்ஸெண்டில் இறங்கி இறந்துபோனாள். இருபத்தோரு வயதுதான் இருக்கும். அங்கே தேவாலயப் பதிவேட்டிலும் அவள் ரெபெக்காதான், இன்னாருடைய மனைவி.

பேத்தி சிலையின் கையைத் தொடாமல் விரல் நுனியை மட்டும் தொட்டாள்.

பிறகு கோட்டைக்குக் கிழக்கே நடந்தோம். ஊர் பெருகியபோது 'நியூ டவுன்' என்று விரிந்த பகுதி. இன்று அங்கே புல்வெளியும் அடித்தள அடையாளங்களும் மட்டும்தான். கேப்டன் வில்லியம் பியர்ஸ் என்ற பெரிய மனிதரின் வீடு இருந்த மனையைத் தோண்டியிருக்கிறார்கள். அவருக்காக அல்ல, அவர் வீட்டில் வேலை செய்த அஞ்சலா என்ற ஆப்பிரிக்கப் பெண்ணுக்காக. 1625 கணக்கெடுப்பில், 'ட்ரெஷரர் கப்பலில் வந்த நீக்ரோ பெண்' என்று ஒரே வரி. அங்கோலாவிலிருந்து பிடித்துக் கொண்டுவரப்பட்டவள். அந்த ஒரு வரியிலும் பெயரை 'அஞ்சலோ' என்று ஆண் பெயராக எழுதியிருக்கிறார்கள். அஞ்சலா என்பதே போர்த்துகீசியர்கள் வைத்ததுதான்.

இங்கேதான் நான் வந்த காரியமே இருந்தது. இதே நியூ டவுனில் மனை வைத்திருந்த இன்னொருவர் ஜார்ஜ் மெனிஃபி என்ற வணிகர். வர்ஜீனியாவில் அப்போது ஒரு சட்டம். ஓர் ஆளைத் தன் செலவில் கப்பலில் கொண்டுவந்தால் தலைக்கு 50 ஏக்கர். மெனிஃபி 1635இல் நிலம் கேட்டுக் கொடுத்த தலைக் கணக்கில் ஒரு பெயர்: 'டோனி, கிழக்கிந்தியன்'. நம் பக்கத்து மனிதர். அமெரிக்க ஆவணங்களில் தெரியவரும் ஆதி இந்தியர்களில் ஒருவர். அவ்வளவுதான் எழுத்தில் இருக்கிறது. சோழமண்டலக் கரையா, குஜராத்தா, வங்கமா, எழுதினவருக்கு அது தேவைப்படவில்லை. 50 ஏக்கருக்கு ஒரு தலை போதும்.

புல்லின் மேல் உட்கார்ந்துவிட்டேன். மகள் வெயில் என்று நினைத்துத் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தாள். அந்த மனிதருக்கு அவர் அம்மா வைத்த பெயர் என்னவாக இருந்திருக்கும்? நம் மொழியில் ஒரு பெயராக இருந்திருந்தால், அதை உரக்கக் கூப்பிட்ட கடைசி ஆள் எந்தக் கடற்கரையில் நின்றிருப்பார்? என் ஆராய்ச்சிக்கு எட்டாத கேள்வி, ஆனாலும் அந்த இடத்தில் உட்கார்ந்து கேட்காமல் இருக்க முடியவில்லை. 1768இலும் வர்ஜீனியா செய்தித்தாளில், ஓடிப்போன ஒரு கிழக்கிந்தியரைப் பிடித்துத் தரச் சொல்லி விளம்பரம் வந்திருக்கிறது. அவர் பெயர் தாமஸ் கிரீனிச். லண்டன் துறைமுகத்து ஊர்ப் பெயரையே தூக்கி மனிதருக்கு வைத்திருக்கிறார்கள்.

மத்தியானம் காரிலேயே தீவைச் சுற்றினோம். காட்டுப் பாதை, ஐந்து மைல். ஆமைகளைப் பார்த்ததில் பேத்திக்குச் சந்தோஷம். 1608இல் கண்ணாடி ஊதிய சூளை இருந்த இடத்தில் இன்றும் ஊதிக் காட்டுகிறார்கள். பச்சைக் குவளை ஒன்று வாங்கினேன்.

நான்காம் நாள்: பாயின்ட் கம்ஃபர்ட்

ராத்திரி முழுக்க மழை. காலையில் ஹாம்ப்டனுக்குப் போனோம். ஆறு கடலில் சேரும் இடத்தில் பாயின்ட் கம்ஃபர்ட் என்ற முனை. 'ஆறுதல் முனை' என்று சொல்லலாம். நீண்ட பயணம் முடித்து உள்ளே நுழைந்த மாலுமிகள் வைத்த பெயர். 1619 ஆகஸ்ட் கடைசியில் ஒயிட் லயன் என்ற கப்பல் இங்கே வந்து, 'இருபதுக்கு மேற்பட்ட' ஆப்பிரிக்கர்களை இறக்கி உணவுப் பொருளுக்கு விற்றது. அந்தச் சொல்லை எழுதி வைத்தவர் ஜான் ரால்ஃப், ரெபெக்காவின் கணவர். இருபதா, இருபத்தைந்தா என்று எண்ணிக்கூட எழுதவில்லை. லுவாண்டாவிலிருந்து மெக்சிகோவுக்குப் போன போர்த்துகீசியக் கப்பலை வழிமறித்துக் கொள்ளையடித்ததில் கிடைத்தவர்கள் அவர்கள். சில நாள் கழித்து வந்த ட்ரெஷரர் அஞ்சலா வந்த கப்பல்.

அதற்குச் சில வாரம் முன்பு, ஜூலை 30 அன்று, ஜேம்ஸ்டவுன் தேவாலயத்தில் 22 பிரதிநிதிகள் கூடி முதல் சட்டசபையை நடத்தியிருந்தார்கள். பள்ளிப் புத்தகங்களில் அந்தத் தேதி பெரிய எழுத்தில் இருக்கும்.

அதே 1619 ஆகஸ்டில் நம் கரையிலும் ஒன்று நடந்தது. சர் தாமஸ் டேல் என்பவர் 1611இல் ஜேம்ஸ்டவுனுக்கு வந்து ராணுவச் சட்டம் போட்டு ஆண்டவர். பசி தாங்காமல் காட்டு மக்களிடம் ஓடிப்போனவர்களைப் பிடித்துத் தூக்கில் போட்டார், உயிரோடு எரிக்கவும் செய்தார். பொக்காஹொண்டாஸை லண்டனுக்குக் கூட்டிப் போனதும் அவரே. அங்கே போனதும் கிழக்கிந்தியக் கம்பெனி அவரை வேலைக்கு எடுத்துக் கப்பற்படையோடு கிழக்கே அனுப்பியது. ஜாவாவில் டச்சுக்காரர்களோடு சண்டை போட்டுவிட்டு, நோயோடு மசூலிப்பட்டினம் வந்து 1619 ஆகஸ்டில் அங்கே இறந்தார். 1607இல் மூன்று கப்பல்களையும் ஓட்டிவந்த கிறிஸ்டோபர் நியூபோர்ட்டும் அப்படித்தான். கடைசியில் இதே கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கப்பல் ஓட்டி, 1617இல் ஜாவாவின் பாண்டம் துறைமுகத்தில் இறந்தார். முப்பது வருடம் நான் தனித்தனிப் பாடமாக நடத்தியது ஒரே பாடம். இப்போது அந்தப் பிள்ளைகளை எல்லாம் திரும்ப உட்கார வைத்துச் சொல்ல வேண்டும் போல இருக்கிறது.

1607க்கும் 1624க்கும் இடையில் ஆறாயிரத்துக்கு மேற்பட்டவர்களைக் கம்பெனி வர்ஜீனியாவுக்கு அனுப்பியது. 1625 கணக்கெடுப்பில் உயிரோடு இருந்தவர்கள் சுமார் 1,200. 1624இல் ராஜா சாசனத்தை ரத்து செய்ய, கம்பெனி போயிற்று, புகையிலை மட்டும் நிலைத்தது.

மாலையில் திரும்பும் வழியில் இன்னொரு தடவை தீவுக்குப் போகச் சொன்னேன். மழையில் சதுப்பு நிரம்பிப் பாலத்துக்கு அடியில் தண்ணீர் தளும்பியது. கோட்டைக்குள்ளும் பள்ளமான இடங்களில் குளம் கட்டி நின்றது. கடல் மட்டம் ஏற ஏறத் தீவு அமிழ்ந்துகொண்டு வருகிறது. 2022இல் நாட்டின் மிக ஆபத்தான நிலையில் இருக்கும் பதினோரு வரலாற்று இடங்களில் ஒன்றாக இதையும் அறிவித்தார்கள். மேலேயிருந்து வெள்ளம், கீழேயிருந்து நிலத்தடி நீர். நனைந்து காய்ந்து நனைந்து காய்ந்து எலும்புகள் பொடிகின்றன. ஒருமுறை கரைந்தால் எந்த ஆய்வாலும் அந்த ஆளைத் திரும்ப எடுக்க முடியாது.

முந்தாநாள் கறையைக் காட்டிய இளைஞர் அதே குழியருகே இருந்தார். தார்ப்பாயால் மூடி, விளிம்பு முழுக்க மணல் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தார். பேத்தி கேட்டுவிட்டு ஒரு சின்ன மூட்டையை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போய் வைத்தாள். எங்கே வைக்க வேண்டும் என்று அவர் விரலால் காட்டினார். அந்த மூலையில்தான் தண்ணீர் உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது.